மேல்நோக்கிய முள்

காட்டு ரோஜாக்களுக்கு ஒழுக்கம் போதாது என்பது தாவர வகைப்பாட்டு நிலையத்தின் அதிகாரபூர்வமான கருத்து. பக்கத்தில் எந்தப் புதர் இருந்தாலும் அதோடு கலந்துவிடும். பிறக்கிற கன்று அப்பனையும் உரித்துவைத்திருக்காது, அம்மாவையும் உரித்துவைத்திருக்காது. ஒரே புதரில் கீழ்க்கிளை இலை வழவழவென்று இருக்கும், மேல்கிளை இலை சொரசொரவென்று இருக்கும். இதற்கெல்லாம் யாரிடமும் அனுமதி வாங்குவது கிடையாது. இந்தச் சீர்கேட்டை ஒழுங்குக்குக் கொண்டுவருவதற்காக நகரத்தின் நடுவில் மூன்று மாடிக் கட்டிடம் ஒன்றும், எழுபத்திரண்டு ஊழியர்களும், ஓடாத லிஃப்ட் ஒன்றும் இருந்தன.

ரோஜாப் பிரிவில் இரண்டு அறிஞர்கள். ஒருவரைப் பிரிப்பவர் என்பார்கள், இன்னொருவரைச் சேர்ப்பவர் என்பார்கள். நகரத்துக்கு வெளியே இருந்த ஒரே ஒரு குன்றில் அறுபத்தோரு ரோஜா இனங்கள் இருப்பதாகப் பிரிப்பவர் நிறுவியிருந்தார். ஒரு வேலியில் மட்டும் பதினொன்று. அதில் இரண்டுக்கு வேர் ஒன்றுதான். சேர்ப்பவரோ அந்த அறுபத்தொன்றும் ஒன்றே என்றார். சேர்க்க ஆரம்பித்தால் அவருக்குக் கை நிற்காது. ஒருமுறை ஆப்பிள் மரத்தையும் சேர்க்கப் பார்த்தார். ஒரே குடும்பம்தானே என்றார். இருவரும் முகம் பார்த்துப் பேசிப் பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. ஒருவர் எழுதி ஒட்டிய பெயர்ச்சீட்டின் மேல் இன்னொருவர் தன் சீட்டை ஒட்டச் சொல்லுவார். அதன் மேல் முன்னவர் மறுபடி ஒட்டச் சொல்லுவார். சில தாள்களில் செடியைவிடச் சீட்டு கனமாக இருந்தது.

இந்தச் சீட்டுகளையும் செடிகளையும் ஒட்டுவதற்கு இரண்டாம் மாடிக் கோடி அறையில் ஒரு பெண் இருந்தாள். பத்தொன்பது வருஷமாக ஒட்டிக்கொண்டிருந்தாள். பதவியின் பெயர் 'மாதிரிப் பொருத்துநர், நிலை மூன்று'. அப்படி அவளை யாரும் கூப்பிட்டதில்லை. அவளைவிடப் பதினைந்து வயது மூத்த இயக்குநர் முதல் வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் அவள் பசையக்காதான். காலையில் வந்ததும் கெட்டிலில் வெந்நீர் வைத்து, மாவு கரைத்து, கட்டி தட்டாமல் பசை காய்ச்சுவாள். காய்ந்த கிளையைத் தாளின் மேல் கிடத்தி, இலையின் முதுகும் தெரிகிற மாதிரி ஒன்றிரண்டைத் திருப்பிவைத்து, காம்புக்கு மெல்லிய துணிப்பட்டை போட்டு, மேலே மணல்மூட்டை வைத்து அழுத்துவாள். அவள் ஒட்டிய தாளைத் தலைகீழாக உதறினாலும் ஒரு மகரந்தத்தூள் உதிராது என்று பேர்.

செடிகளைக் குன்றிலிருந்து கொண்டுவருகிறவர் ஒருவர் உண்டு. விதிப்புத்தகத்தில் அவருடைய பதவிக்குச் 'செடி பொறுக்குநர்' என்று பெயர். மற்றவர்கள் அதை எப்படிச் சுருக்கினார்கள் என்பதை இங்கே எழுதுவது மரியாதையாக இருக்காது. அவள் மட்டும் அண்ணே என்பாள். அவருக்கு ஓய்வுபெற ஒரு வருஷம் இருந்தது. இடது முழங்கால் அதற்கு முன்பே ஓய்வுபெற்றிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நாலாயிரத்து நூற்றுப் பதினேழாம் தாளை அவள் ஒட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் கொண்டுவந்த சாதாரணக் கிளை. அழுத்தும்போது அதன் முட்களில் நாலு உதிர்ந்து காகித மடிப்பில் கிடந்தன. ரோஜா முள் அப்படித்தான்; மரத்திலிருந்து முளைப்பதில்லை, தோலில் நிற்பது, நகத்தால் நெம்பினாலே சுத்தமாக வந்துவிடும். அதனால் நிலையத்தில் அதை முள் என்று சொல்லக் கூடாது, தோல்முள் என்றுதான் சொல்ல வேண்டும். உதிர்ந்த துண்டுகளை ஒரு சின்ன உறையில் போட்டுத் தாளின் மூலையில் ஒட்ட வேண்டும் என்பது விதி. உறை தீர்ந்துபோய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. புது உறை கேட்டு எழுதுகிற தாளில் இரண்டு அறிஞர்களும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் போட்ட தாளில் இன்னொருவர் போடமாட்டார்.

கீழே தெருவில் அவள் கணவரின் ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. அவர் தையல்காரர். அவளுக்குக் கண் பரிசோதனைக்கு மூன்று மணிக்கு நேரம் வாங்கியிருந்தார். மறுபடி ஹாரன். "இதோ வரேன், வரேன்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே நாலு முட்களையும் அவையவை இருந்த தழும்பில் ஒட்டிவிட்டு அவள் இறங்கிப்போனாள்.

செவ்வாய்க்கிழமை புதுக் கண்ணாடி வந்தது. அதைப் போட்டுக்கொண்டு முதல் வேலையாக உலர்ந்த தாள்களைச் சரிபார்த்தாள். நாலாயிரத்து நூற்றுப் பதினேழில் நாலு முட்களும் தலைகீழாக இருந்தன. ரோஜா முள் எந்த ஊரிலும் கீழ்நோக்கித்தான் வளையும். கிளை பக்கத்து மரத்தைப் பற்றிக்கொண்டு ஏற வேண்டுமே. இவை நாலும் வானத்தைப் பார்த்து வளைந்திருந்தன.

வெந்நீர் வைத்தால் பத்து நிமிஷ வேலை. கெட்டிலைப் போடப் போனாள். அதற்குள் பிரிப்பவரின் உதவியாளர் வந்து அன்றைய தாள்கட்டை அள்ளிக்கொண்டு போய்விட்டார். "அதுல ஒண்ணு மட்டும்..." என்றாள். "அப்புறமா சொல்லுங்க பசையக்கா" என்றபடி அவர் படியேறிவிட்டார். அப்போது பின்னாலேயே ஓடியிருக்கலாம். ஓடவில்லை. யார் பார்க்கப்போகிறார்கள், நாலாயிரத்தில் ஒன்று என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிற்பாடு அவள் எத்தனையோ முறை அந்தப் படிக்கட்டை மனசுக்குள் ஏறிப்பார்த்தாள். மொத்தம் இருபத்திரண்டு படி.

வியாழக்கிழமை மேல்மாடியிலிருந்து ஒரு கூச்சல் கேட்டது.

"மேலே! மேலே!"

தீ என்று நினைத்துப் பாதிப்பேர் தெருவுக்கு ஓடினார்கள். பிரிப்பவர் தாளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வராந்தாவில் நின்றார். முகம் பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற தகப்பன் முகம் போல இருந்தது. பதினான்கு வருஷத்தில் முதல்முறையாகச் சேர்ப்பவரின் கதவைத் தட்டினார். சேர்ப்பவர் வந்தார், லென்ஸை வைத்துப் பார்த்தார், இடமிருந்து பார்த்தார், வலமிருந்து பார்த்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அவர் வாழ்நாளில் சொல்லியிராத வார்த்தையைச் சொன்னார்.

"இது சேராது."

இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சரிபார்த்தவர் என்ற இடத்தில் சேர்ப்பவர் கையெழுத்துப் போட்டார். எழுபத்தொரு பேர் கைதட்டினார்கள். பசையக்கா கை தட்டினாளா இல்லையா என்பது அவளுக்கே நினைவில்லை.

இயக்குநர் நேராக அவள் அறைக்கு வந்தார். அந்த அறை எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தார்.

"பசையக்கா, நீங்க ஒட்டின தாள்! இந்த நிலையம் உங்களை மறக்காது."

"சார், அந்த முள்ளு வந்து..."

"தோல்முள்" என்று திருத்தினார் இயக்குநர்.

அவள் வாய் மூடிக்கொண்டது. அதைவிட மோசமானது ஒன்றும் அப்போது நடந்தது. பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக ஒருவர் அவளுடைய வேலையைப் பார்த்துப் பாராட்டியிருந்தார். அவளுக்கு அது பிடித்திருந்தது. அன்று சாயங்காலம் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போகும்போது, பிடித்திருந்தது என்பதுதான் முள்ளைவிட அதிகமாகக் குத்தியது.

"நாளைக்கே சொல்லிடு" என்றார் கணவர்.

"திங்கட்கிழமை சொல்றேன்."

திங்கட்கிழமை செய்தித்தாளில் தாளின் படம் வந்துவிட்டது. புதன்கிழமை அந்த இனத்துக்கு 'மேல்முள் ரோஜா' என்று பெயர் வைத்தாகிவிட்டது. தாள் 'மூலமாதிரி' ஆயிற்று. மூலமாதிரி என்றால், இனிமேல் உலகத்தில் எந்தச் செடி மேல்முள் ரோஜா, எது இல்லை என்பதை அந்தத் தாளோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். அதற்குக் கண்ணாடிக் கதவு போட்ட தனி அலமாரி வந்தது. ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டியது முந்தின நாளைவிடப் பெரிதாகிக்கொண்டே போயிற்று.

அடுத்த வாரம் உயிரோடு இருக்கிற செடியைத் தேடி நாற்பத்துமூன்று பேர் குன்றேறினார்கள். மூன்று நாள் தேடினார்கள். பத்தாயிரம் புதர்களின் முட்களைப் பார்த்தார்கள். எல்லாம் கீழே வளைந்திருந்தன. நாலாம் நாள் இயக்குநர், செடி கொண்டுவந்தவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"எந்த இடத்துல எடுத்தீங்க?"

"தண்ணித்தொட்டிக்கு மேல, பாறைக்குப் பக்கத்துல சார். சீட்டுல எழுதியிருக்கேனே."

"அங்கே இல்லையே."

"அங்கேதான் சார் எடுத்தேன். சாதாச் செடிதான்."

"சாதாச் செடியா? ஒரு புது இனத்தைக் கையில வச்சுக்கிட்டுச் சாதான்னு சொல்றீங்களா?"

அன்றிலிருந்து அவருக்கு வேறு வேலை கிடையாது. தினமும் காலையில் குன்றேறி, அந்தப் புதரைக் கண்டுபிடிக்கும்வரை இறங்கக் கூடாது. கண்டுபிடிக்காவிட்டால் ஐந்து மணிக்கு இறங்கலாம். சாயங்காலம் கையெழுத்துப் போட வருவார். படியில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறுகிற சத்தம் கோடி அறை வரை கேட்கும். ஒன்று பலமாக, ஒன்று இழுத்தபடி. அந்தச் சத்தம் கேட்டதும் அவள் கையிலிருக்கிற தூரிகையைக் கீழே வைத்துவிடுவாள்.

"கிடைச்சுதாண்ணே?" என்று கேட்பாள். வேறென்ன கேட்பது?

"இல்லைம்மா. நான் அப்படி எதையும் பாத்த ஞாபகமே இல்லையே. முப்பது வருஷமா ரோஜா பறிக்கறேன். முள்ளு எந்தப் பக்கம்னு பாக்காமலா பறிச்சிருப்பேன்?"

மூன்று வாரம் போனபிறகு பதில் மாறியது.

"பாத்திருப்பேனோ என்னவோம்மா. அன்னிக்கு வெயில் ஜாஸ்தி. அத்தனை படிச்சவங்க சொல்றாங்க. எனக்குத்தான் வயசாயிடுச்சு போல."

அவளால் அதற்கு மேல் முடியவில்லை. கைகழுவிவிட்டு நேராக இயக்குநரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவர் கொஞ்சம்கூடக் கோபப்படவில்லை. ஒரு குழு அமைத்தார்.

முள் விசாரணைக் குழு, திருத்தப்பட்டு, தோல்முள் விசாரணைக் குழு. இயக்குநர் நடுவில், அறிஞர்கள் இரு பக்கம். செடி பொறுக்குநரையும் சாட்சியாக அழைத்து ஓரத்தில் நிற்கவைத்திருந்தார்கள். அவருக்கு நாற்காலி போட விதியில் இடமில்லை.

"தோல்முள்ளைத் தலைகீழா ஒட்டிட்டேன் சார். உறை இல்லை. கண்ணும் சரியாத் தெரியலை. அவசரத்துல ஒட்டிட்டேன். தப்பு என்னோடதுதான்."

"தலைகீழ்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார் பிரிப்பவர்.

"எல்லா ரோஜாவுக்கும் கீழேதானே சார் வளைஞ்சிருக்கும்."

"இதுக்கு மேலே வளைஞ்சிருக்கு. அதனாலதானே இது புது இனம்?"

"நான் ஒட்டினதாலதான் சார் மேலே இருக்கு."

"எல்லாத் தாளையும் நீங்கதானே ஒட்டறீங்க? மத்ததுல ஏன் மேலே இல்லை?"

சேர்ப்பவரின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. பிரிப்பவரைக் கவிழ்க்கப் பதினான்கு வருஷமாகக் காத்திருந்தவர். முன்னால் குனிந்து, தாளின் நகலைத் தன் பக்கம் இழுத்தார். சரிபார்த்தவர் என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் பார்த்தார். வெளிச்சம் அணைந்தது.

"இதுக்கு முன்னால வேலையில தப்பு செஞ்சிருக்கீங்களா?" என்றார் நிதானமாக.

"இல்லை சார்."

"அப்ப இதுலயும் செஞ்சிருக்கமாட்டீங்க."

"செஞ்சிருந்தா," என்று இயக்குநர் முடித்துவைத்தார், "தப்பு செய்யறவங்க வாக்குமூலத்தை நாங்க ஏத்துக்க முடியாது."

"வெந்நீர் வச்சா பசை விட்டுடும் சார். அடியில தழும்பு எந்தப் பக்கம்னு பாத்தாலே தெரிஞ்சிடும். பத்து நிமிஷம்."

மூலமாதிரியைத் தொட யாருக்கு அதிகாரம் என்று விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். மாதிரிப் பொருத்துநர், நிலை மூன்று என்றிருந்தது.

"நான்தான் சார் அது."

"குழுவுக்குச் சந்தேகம் வந்தால் மட்டும்னு போட்டிருக்கு. குழுவுக்குச் சந்தேகம் இல்லை." இயக்குநர் எழுந்து நின்றார். உட்கார்ந்துகொண்டு முக்கியமான விஷயம் பேச அவருக்கு வராது. "பசையக்கா, உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா அறிவியல்னா என்னன்னு நீங்க தெரிஞ்சுக்கணும். செடி இன்னிக்கு இருக்கும், நாளைக்குக் காஞ்சுபோகும். தாள் இருக்கும். பேர் வச்ச தாள் அது. குன்றுல இருக்கிற பத்தாயிரம் செடியில ஒண்ணுகூட அந்தத் தாளோட ஒத்துப்போகலைன்னா, தப்பு யார் மேல? தாள் மேலயா? தாள் நம்ம அலமாரியை விட்டு எங்கேயும் போகலையே. கண்டபடி கலந்து, கெட்டு, அசல் செடியை இடமில்லாம பண்ணினது யாரு? அந்தப் பத்தாயிரம் செடிங்கதான்."

பேசும்போதே அவருக்குத் தான் சொல்வது பிடித்துப்போயிற்று. குழு கலைவதற்குள் தீர்மானம் எழுதப்பட்டது: மேல்முள் ரோஜாவைக் காப்பாற்றும் பொருட்டு, குன்றிலுள்ள கலப்பு ரோஜாக்கள் அனைத்தும் வேரோடு அகற்றப்படும். அசல் புதரை மறைத்துவைத்த சந்தேகத்தின்பேரில் செடி பொறுக்குநரின் ஓய்வூதியம் நிறுத்திவைக்கப்படும்.

வெளியே வந்ததும் அவள் அண்ணன் பின்னாலேயே போனாள்.

"அண்ணே, என்னை மன்னிச்சிடுங்கண்ணே."

அவர் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. ஆனால் முகத்தில் கோபம் இல்லை, நன்றிதான் இருந்தது.

"என்னைக் காப்பாத்தத்தான் நீ அப்படிச் சொன்னேன்னு எனக்குத் தெரியும்மா. உன் பேரைக் கெடுத்துக்கிட்டு யாரு சொல்லுவா? நீ தப்பா ஒட்டற ஆளா? இப்ப எனக்கு நல்லா ஞாபகம் வருது. அது மேல்பக்கம்தான் இருந்துது."

வீட்டில் கணவர் ஒரு சட்டைக்குக் கழுத்துப்பட்டை தைத்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு மிஷினை நிறுத்தினார்.

"நான் காலரைத் தலைகீழா தைச்சா வாடிக்கைக்காரன் சட்டையை மூஞ்சியில எறிவான். உங்க ஆபீஸ்ல கழுத்தைத் திருகிக்கிட்டு வரச் சொல்றாங்க."

"சிரிக்காதீங்க. குன்றையே மொட்டையடிக்கப் போறாங்க. அந்த மனுஷன் பொய்யை நிஜம்னு நம்ப ஆரம்பிச்சுட்டாரு. எல்லாம் என் கையால."

"உன் கையால ஆனதை உன் கையாலதான் சரிபண்ணணும்" என்றார் தையல்காரர். "பிரிச்சுத் தை."

குன்றை அழிக்கும் வேலை ஒரு விழாவோடு தொடங்குவதாக இருந்தது. விழா காலை பத்து மணிக்கு, நிலையத்தின் அரங்கத்தில். வெளியே இரண்டு லாரி நிறைய ஆட்களும் மண்வெட்டிகளும் காத்திருந்தன. இயக்குநர் பேசி முடித்ததும் புறப்பட வேண்டும். அரங்கத்தில் இடம் கிடைக்காத கீழ்நிலை ஊழியர்களும் பயன்பெற வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு அறையிலும் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள்.

பசையக்கா கெட்டிலைப் போட்டாள்.

"நண்பர்களே," என்றது சுவரிலிருந்த ஒலிபெருக்கி, "இன்று நாம் இயற்கையைத் திருத்தத் தொடங்குகிறோம்."

கண்ணாடி அலமாரிக்குப் பூட்டு இல்லை. பூட்டு கேட்டு எழுதிய தாளும் இரண்டு கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அவள் தாளை எடுத்துவந்து மேஜையில் கிடத்தினாள். மெல்லிய தூரிகையை வெந்நீரில் தோய்த்து முதல் முள்ளின் அடியில் தடவினாள். கை தன் வேலையைச் செய்தது. பத்தொன்பது வருஷத்துக் கை.

"இயற்கைக்கு ஆர்வம் உண்டு, முறை இல்லை. அது ஒரு புதிய இனத்தை உருவாக்குகிறது, உடனே அதை மறந்துவிடுகிறது. மறக்காமல் இருப்பது நாம்!"

கைதட்டல். முதல் முள் நெகிழ்ந்து இடுக்கியில் வந்தது. கீழே நீள்வட்டத் தழும்பு. ஒரு முனை அகலம், ஒரு முனை கூர். முள்ளின் அடியும் அதேபோல. திருப்பி வைத்தாள். மூடி ஜாடியில் உட்கார்கிற மாதிரி உட்கார்ந்தது.

"இந்த ரோஜாவை நான் நேரில் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய தேவையும் எனக்கு ஏற்பட்டதில்லை. அதுதான் நம்பிக்கை!"

இரண்டு, மூன்று. நாலாவதை ஒட்டி முடித்தபோது இயக்குநர் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அவள் தாளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு இறங்கிப்போய், அரங்கத்தின் நடுவழியே நடந்து, மேடையில் அவர் முன்னால் வைத்தாள்.

"சரிபண்ணிட்டேன் சார்."

முதலில் பார்த்தது பிரிப்பவர். "கீழே" என்றார், காற்றுப் போன குரலில். சேர்ப்பவர் எட்டிப்பார்த்தார். அவரும் "கீழே" என்றார். அடியிலிருந்த தழும்பைப் பற்றி அவள் சொல்ல ஆரம்பித்தாள். யாரும் கேட்கவில்லை. இயக்குநர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சபையைப் பார்த்தார். பிறகு மைக்கைப் பிடித்து, உடைந்த குரலில் சொன்னார்:

"நண்பர்களே, உலகத்திலிருந்த ஒரே ஒரு மேல்முள் ரோஜா சற்றுமுன் அழிந்துவிட்டது."

எல்லாரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனமாக நின்றார்கள். அவளும் நின்றாள்.

அழிந்த இனத்தைப் பாதுகாக்க விதியில் இடமில்லை. அதனால் லாரிகள் திரும்பிப்போயின. குன்றிலிருந்த பத்தாயிரம் புதர்களும் பிழைத்தன. இல்லாத செடியை மறைத்துவைக்க முடியாது என்பதால் செடி பொறுக்குநரின் மேலிருந்த சந்தேகமும் தீர்ந்தது. ஓய்வூதியத் தடையை நீக்கியதோடு, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள்: 'மேல்முள் ரோஜாவை உயிருடன் கடைசியாகக் கண்டவர்'. பிரிப்பவரும் சேர்ப்பவரும் மறுபடி பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். பசையக்காவுக்கு என்ன தண்டனை என்பதில் கொஞ்சம் சிக்கல் இருந்தது. ஓர் இனத்தை அழித்ததற்கு விதிப்புத்தகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. நாற்காலியை உடைத்ததற்கு எழுதியிருந்தது. நாற்காலி விதியின்கீழ் அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

அவள் வீட்டில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தாள். குன்று தப்பியது, அண்ணன் தப்பினார், நினைத்தது நடந்தது. ஆனாலும் தூக்கம் சரியாக வரவில்லை. செய்தித்தாளில் அவள் படத்தின் கீழே 'இனத்தை அழித்தவர்' என்று போட்டிருந்தார்கள். அதை அவள் பொருட்படுத்தவில்லை. அண்ணன் ஒரு வார்த்தைகூடச் சொல்லி அனுப்பாததுதான் அறுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போனாள்.

அவர் மனைவி கதவைத் திறந்து, தண்ணீர் கொடுத்துவிட்டு, பேசாமல் உள்ளே போய்விட்டார். அண்ணன் நாற்காலியில் இருந்தார். முழங்காலில் துணி சுற்றியிருந்தது. எதிர்ச்சுவரில் சான்றிதழ். கண்ணாடி துடைத்துத் துடைத்துப் பளிச்சென்றிருந்தது.

"எனக்காகத்தான் நீ செஞ்சேன்னு தெரியும்மா" என்றார், அவளைப் பார்க்காமல். "என் பென்ஷன் போயிருந்தாக்கூடப் பரவாயில்லை. அதை அழிச்சிருக்க வேண்டாம். ஒரே ஒண்ணும்மா அது."

"அண்ணே, அப்படி ஒரு செடியே கிடையாதுண்ணே. சத்தியமா நான்தான் தப்பா ஒட்டினேன். உங்க கண்ணு சரியாத்தான் பாத்துது. நீங்க முதல்ல சொன்னதுதான் சரி."

அவர் சுவரை நோக்கிக் கையைக் காட்டினார்.

"முப்பது வருஷம் அந்த ஆபீஸ்ல என்னை ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை" என்றார். "என்ன சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு உனக்கே தெரியும். இப்ப என் பேரை முழுசா எழுதிச் சட்டம் போட்டுக் கொடுத்திருக்காங்க. நான் பாத்தேன்னு எழுதியிருக்காங்க. நீயும் வந்து இல்லைன்னு சொல்றியா?"

அவள் சான்றிதழைப் பார்த்தாள். பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. தாளின் நாலு மூலையையும் யாரோ அவசரமாக ஒட்டியிருந்தார்கள். ஒரு மூலை லேசாக எழும்பி நின்றது. இன்னும் ஒருமுறை உண்மையைச் சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் பாரம் அவளுக்கு இறங்கும், அவருக்கு ஏறும்.

"இன்னொண்ணு இல்லாமலா போயிடும்?" என்றார் அவர், தனக்குத்தானே. "அவங்க தேடறதை நிறுத்திட்டாங்க. நான் நிறுத்தலை. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போறேன். இன்னிக்கு முழங்கால் படுத்துது. கொஞ்சம் கழிச்சுக் கிளம்பணும்."

"தனியாவா போறீங்க?"

"யாரு வருவா?"

"நான் வரேண்ணே."

பத்தொன்பது வருஷம் ரோஜா ஒட்டியவள் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் குன்றேறினாள். தட்டையாக, பழுப்பாக, தாளுக்குள் அடங்கித்தான் அவள் ரோஜாவைப் பார்த்திருந்தாள். இங்கே அது ஆளுயரத்துக்கு மேல் நின்றது, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, எது யாருடைய கிளை என்று தெரியாமல் பின்னிக்கொண்டு, பூ முடிந்து காயாகி, காய் சிவந்து, காற்றில் ஆடியது. எங்கே ஒரு புதர் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இதையெல்லாம் வேரோடு பிடுங்கப் பார்த்தார்களே, அதுவும் நான் ஹாரன் சத்தத்துக்குப் பயந்து ஓடினதுக்காக என்று நினைத்துக்கொண்டாள்.

அண்ணன் தடியை ஊன்றிக்கொண்டு ஒரு புதரின் முன்னால் நின்றார்.

"கண்ணால தேடாதே, ஏமாத்தும். கையை உள்ளே விட்டுப் பாரு. உள்ளே விடறப்ப கீறினா மேல்முள். வெளியே எடுக்கறப்ப கீறினா சாதா. நீ அந்தப் பக்கம் பாரு, நான் இந்தப் பக்கம் பாக்கறேன்."

"சரிண்ணே."

அவள் கையை உள்ளே விட்டாள். வழுக்கிக்கொண்டு போயிற்று. எடுத்தாள். மணிக்கட்டிலிருந்து விரல்வரை நீளமாக ஒரு கோடு சிவந்தது.

"கீறிச்சா?" என்றார் புதருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"கீறிச்சுண்ணே."

"விடறப்பவா, எடுக்கறப்பவா?"

அந்தக் குரலில் இருந்த ஆவலைக் கேட்டதும் பொய் சொல்லிவிடலாமா என்றுகூட அவளுக்கு ஒரு கணம் தோன்றிவிட்டது.

"எடுக்கறப்பண்ணே."

"அப்ப இது இல்லை" என்று அவர் அடுத்த புதருக்கு நகர்ந்தார்.

அவளும் நகர்ந்தாள். ஒரு கிளையையும் விடாமல், ஏமாற்றாமல் பார்த்தாள். வெயில் சாய்வதற்குள் முப்பத்தாறு புதர் முடிந்தது. இரண்டு கையிலும் முழங்கை வரை கோடுகள். மேலே இன்னும் ஆயிரக்கணக்கான புதர்கள் இருந்தன. இறங்கும்போது அண்ணன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த ஞாயிறும் வரேண்ணே" என்றாள் அவள்.